சேப்பாக்கத்தில் பிளாக் டிக்கெட்: வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

2025 மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மும்பைக்கும் ஐபிஎல் ஆட்டம். மலிவான டிக்கெட் 1,700 ரூபாய். அதற்கு மேல் 2,500, 3,500, 4,000, 7,500. விற்பனை நாளில் காலையிலேயே கணினி முன் உட்கார்ந்தவர்களுக்குக்கூட இணைய வரிசையில் லட்சத்தைத் தாண்டிய எண்தான் கிடைத்தது. தங்கள் முறை வருவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. பிறகு அதே 1,700 ரூபாய் டிக்கெட் வாட்ஸ்அப் குழுக்களில் பல மடங்கு விலையில் தலைகாட்டியது.

அந்தச் சூட்டிலேயே வாங்கிவிடுவதுதான் முதல் தவறு. காலையில் ஏமாந்தவர் மதியம் கேட்ட விலையைக் கொடுப்பார் என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரியும். அப்போது விலை சொல்லும் பலரிடம் டிக்கெட்டே இருக்காது. உங்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அதை வைத்துத்தான் வேறொருவரிடம் தேடப் போவார். கிடைத்தால் உங்களுக்கு டிக்கெட். உங்களைவிட அதிகம் கொடுக்க ஒருவர் வந்தால் உங்களுக்கு ஒரு சாக்கு. இன்னும் விற்பனையே தொடங்காத ஆட்டத்துக்கு “கையில் நாலு இருக்கிறது” என்று சொல்பவரிடமும் ஆட்கள் பணம் கொடுக்கிறார்கள். சேப்பாக்கத்தில் அண்மை ஆண்டுகளில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாகத்தான் பொது விற்பனை நடக்கிறது. அறிவிப்பே வராத ஆட்டத்துக்கு அவரிடம் என்ன இருக்க முடியும்?

மாலை ஆட்டமென்றால் டாஸ் ஏழு மணிக்கு, ஆட்டம் ஏழரைக்கு. அந்த அரை மணி நேரத்தில் டிக்கெட் வைத்திருப்பவரின் நிலை வெயிலில் ஐஸ் விற்பவரின் நிலை. காலையில் பேரம் பேச மறுத்தவரே அப்போது இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். இதைக் கேட்டு மைதானத்தை ஒட்டிய வாலாஜா சாலையில் போய் நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. விலை குறையும் அந்த நேரத்தில்தான் போலிகளும் அதிகம் உலவும்.

அடுத்த தவறு சென்னைக்கென்றே வாய்த்தது: “தோனிக்கு இதுதான் கடைசி ஆட்டம்” என்று நம்பிப் பணத்தைக் கொட்டுவது. 2023 மே 14 அன்று கொல்கத்தாவுடன் ஆடிவிட்டு அணியினர் மைதானத்தைச் சுற்றி வந்தபோது அதுதான் கடைசி என்றார்கள். 2024 மே 12 அன்று ராஜஸ்தான் ஆட்டம் முடிந்ததும் ரசிகர்களை இருக்கையிலேயே இருக்கச் சொன்னபோதும் அதே பேச்சு. 2025இல் அவர் மறுபடி ஆடினார், பாதியில் தலைவராகவும் ஆனார். ‘கடைசி’ என்ற ஒரு சொல்லுக்காக இரண்டு வருடமும் கூடுதலாகக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

டிக்கெட் என்று நாம் கையில் வைத்திருப்பது எது என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. ஒருநாள் மாலை வாயில் வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர், மஞ்சள் சட்டை, தோளில் ஐந்தாறு வயதுப் பையன். கைப்பேசியை நீட்டினார். ஸ்கேன் கருவி சிவப்பு காட்டியது. வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி நீட்டினார், மறுபடி சிவப்பு. “இது ஏற்கெனவே உள்ளே போய்விட்டது சார்” என்றான் வாயிலில் நின்ற பையன். அவரிடம் இருந்தது ஸ்கிரீன்ஷாட். அதே படம் இன்னும் எத்தனை பேருக்குப் போயிருந்ததோ, முதலில் வந்தவர் உள்ளே போய்விட்டார். கியூஆர் குறியீட்டைப் பொறுத்தவரை உண்மை டிக்கெட், நகல் என்ற பேதமே கிடையாது. முதலில் ஸ்கேன் ஆனதுதான் உண்மை. தோளில் இருந்த பையன் மட்டும் கொடியை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

ஆகவே நண்பரிடமிருந்தே வாங்கினாலும், செயலியில் மாற்றித் தரும் வசதி இருந்தால் டிக்கெட்டை உங்கள் எண்ணுக்கே மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லையென்றால் டிக்கெட் எடுத்தவரோடு சேர்ந்து உள்ளே போவதுதான் பாதுகாப்பு. காகித டிக்கெட்டையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 2023 அக்டோபர் 14 அன்று அகமதாபாத்தில் நடந்த இந்தியா–பாகிஸ்தான் உலகக் கோப்பை ஆட்டத்துக்குப் போலி டிக்கெட் அச்சடித்து விற்றதாக நான்கு பேரைப் போலீசார் கைது செய்தார்கள்.

பணம் அனுப்பும்போது நடக்கும் ஏமாற்று வேறு மாதிரி. முதலில் பாதிப் பணம். பிறகு “வரிக்கு” ஒரு தொகை. பிறகு ஏதோ தொழில்நுட்பக் கோளாறு, இன்னொரு முறை அனுப்பினால் முந்தையது திரும்பி வரும் என்பார்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்தத் தேவையே இல்லை. ‘ரீஃபண்டுக்கு’ எண்ணை அழுத்தச் சொன்னால் போவது உங்கள் பணம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் முடக்கினால்தான் உண்டு.

வரி என்றதும் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆனது. அடிப்படை விலை 1,000 ரூபாய் என்றால் முன்பு 1,280, இப்போது 1,400. பிளாக்கில் விற்பவர் இதையும் காரணம் காட்டுகிறார். டிக்கெட்டில் அச்சான விலைக்குள் அந்த வரி ஏற்கெனவே அடங்கிவிட்டது. அதற்கு மேல் அவர் வாங்குவதில் அரசுக்கு ஒரு காசும் போவதில்லை.

மழையை யாரும் கணக்கில் வைப்பதில்லை. 2025 மே 17 அன்று பெங்களூரில் பெங்களூரு–கொல்கத்தா ஆட்டம் ஒரு பந்துகூட வீசாமல் கைவிடப்பட்டது. டிக்கெட் பணம் திருப்பித் தரப்படும் என்று அறிவித்தார்கள். இணையத்தில் எடுத்ததற்கு, எடுத்தவரின் கணக்குக்கே. அதாவது பிளாக்கில் கைமாறிய டிக்கெட் என்றால் அச்சிட்ட விலை விற்றவருக்கே திரும்பிப் போகும், நீங்கள் கொடுத்ததும் அவரிடமே இருக்கும். நனைந்தது மட்டும் நீங்கள்.

போலீஸ் பயம் விற்பவருக்குத்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. 2023 நவம்பரில் ஈடன் கார்டன்ஸில் நடந்த இந்தியா–தென்னாப்பிரிக்கா ஆட்டத்தின் டிக்கெட்டுகள் கள்ளச்சந்தைக்குப் போனதாகப் புகார் கிளம்பியபோது, கொல்கத்தா போலீசார் இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவருக்கே நோட்டீஸ் அனுப்பினார்கள். விசாரணை அந்த அளவுக்குப் போகும்போது உங்கள் கையிலிருக்கும் டிக்கெட் செல்லாது என்று அறிவிக்கப்பட்டால் முறையிட உங்களுக்கு ஓர் இடம் இருக்காது.

இருக்கையைக் கேட்காமல் வாங்குவதைச் சிறிய தவறு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் மைத்துனர், தன் மகளுக்கும் தனக்கும் என்று இரண்டு டிக்கெட் வாங்கினார். “பக்கத்துப் பக்கத்து இருக்கைதான்” என்றார் விற்றவர். உள்ளே போகும்போதுதான் கவனித்தார்: ஒன்று டி கீழ்த்தளம், மற்றது ஐ மேல்தளம். இரண்டுக்கும் வாயிலே வேறு. எட்டு வயதுக் குழந்தையைத் தனியாக எங்கே உட்கார வைப்பது? டி வாயிலில் இருந்தவர்களிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, ஒரு டிக்கெட்டையும் கிழிக்காமல் இருவரும் திருவல்லிக்கேணிப் பக்கம் நடந்து ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தார்கள். அங்கே டிவியில் பந்து வீச்சாளர் ஓடி வரும்போதே மைதானத்திலிருந்து கூச்சல் வந்துவிடுமாம்; படம் சில நொடி பிந்தி வருகிறது. விக்கெட்டா சிக்ஸரா என்று சத்தத்தை வைத்தே மகள் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.