கிட்டத்து வேல முடிச்சு நிமிந்தா தூரம் கலங்குதா? இதையெல்லாம் பண்ணாதீங்க

பீடி சுத்துற வீட்டுல சுளகை மடியில வச்சு குனிஞ்சா குனிஞ்சபடிதான் இருப்பாங்க, மத்தியானம் தலைய நிமித்தி தெருவுல வார ஆளப் பாத்தா மூஞ்சி கலங்கலா இருக்கும்பாங்க. பத்தமடையில பாய் நெய்யுறவங்க, பாளையங்கோட்டையில பரிச்சைக்கு படிக்கிற பிள்ளைங்க, ராத்திரி முச்சூடும் போன் நோண்டுறவங்க, எல்லாருக்கும் வரக்கூடியதுதான். உடனே கண்ணு போச்சுன்னு பதறி பண்ணக்கூடாததெல்லாம் பண்ணுதாங்க.

நடக்குறது இதான். கிட்ட பாக்கும்போது கண்ணுக்குள்ள சிலியரி தசை இறுகி லென்ஸ் குண்டாகும், தூரம் பாக்க அது தளரணும். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உக்காந்துட்டு எந்திச்சா கால் சட்டுனு நீட்ட வராதுல்லா, அதே மாதிரி. பெரும்பாலும் அரை பவருக்குள்ளதான் மாறும், சில செகண்ட்லயோ சில நிமிஷத்துலயோ தெளிஞ்சிரும், ஏற்கனவே மைனஸ் பவர் (தூரம் தெரியாததுக்கு போடுற கண்ணாடி) உள்ளவங்களுக்கு கொஞ்சம் கூட நேரம் ஆகலாம்.

ஆனா அந்த சூட்டோட கண்ணாடிக் கடைக்கு போயி மெஷின்ல கண்ண வைக்கிறது இருக்கே, என்னைக் கேட்டா அதான் பெரிய தப்பு. முக்கியமா பிள்ளைங்களுக்கு. அதுங்களுக்கு தசை ஈஸியா இறுகிக்கும், மெஷின் மைனஸ் கூடுதலா காட்டிரும், அத அப்படியே போட்டுவிட்டா அந்த கூடுதல் பவர சமாளிக்க தசை நாள் முழுக்க இறுகியே கெடக்கும், பிள்ளை தலைவலிங்கும், நாம போன் பாத்ததாலன்னு ஏசிக்கிட்டு இருப்போம். கண் டாக்டர்ட்ட காட்டி, சொட்டு மருந்து விட்டு தசைய தளர்த்தி பாக்கச் சொல்லணும். அன்னைக்கு கண்ணு கூசும், படிக்க முடியாது, அதனால லீவு நாளா பாத்து கூட்டிட்டுப் போங்க.

அடுத்தது ரெஸ்ட்டுன்னு சொல்லிட்டு போன எடுக்குறது. சுளக கீழ வச்சுட்டு ரீல்ஸ் பாத்தா தசைக்கு என்ன ரெஸ்ட்டு? அதுவும் படுத்துக்கிட்டு மூஞ்சிக்கு 20 சென்டிமீட்டர்ல பிடிச்சா கண்ணு 5 பவர் வேல பாக்கணும், 40ல பிடிச்சா 2.5 தான். ஒரு முழம் தள்ளிப் பிடிங்க. 20 நிமிஷத்துக்கு ஒருக்க 20 அடிக்கு அங்கிட்டு 20 செகண்ட் பாருங்கன்னு சொல்லுவாங்க, அது ஞாபகத்துக்காக சொன்ன கணக்கு, ஒரு நிமிஷம் பாத்தாலும் யாரும் கேக்கப்போறதில்ல. டவுன்ல இருந்தா நெல்லையப்பர் கோபுரம், அம்பாசமுத்திரம் பக்கம்னா மலை, பணகுடின்னா கரண்டு எடுக்குற காத்தாடி, பாக்குறதுக்கா பஞ்சம்?

கண்ணக் கசக்காதீங்க, அதனால தசை தளராது. மெடிக்கல்ல நீங்களா சொட்டு மருந்து கேட்டு வாங்கி விடாதீங்க, சிலதுல ஸ்டீராய்டு இருக்கும், தொடர்ந்து விட்டா கண் பிரஷர் ஏறிரும். கலங்கல் தெளியுறதுக்குள்ள பைக்க எடுக்காதீங்க, அதுவும் மசங்குற நேரத்துல.

40 தாண்டுனவங்க வெள்ளெழுத்து கண்ணாடிய போட்டுக்கிட்டே தூரத்துல பஸ் போர்டு தெரியலன்னா அது கண்ணு கோளாறு இல்ல, கழட்டிட்டு பாருங்க.

அதுக்காக எல்லாத்தையும் தசை மேல போட்டு சும்மா இருந்துராதீங்க. காலைல எந்திச்ச உடனேயும் மங்கல், ஒத்தக் கண்ணு மட்டும் மங்கல், சுகர் இருக்கவங்களுக்கு திடீர்னு பவர் மாறுற மாதிரி இருக்குன்னா டாக்டர்ட்ட போகணும். மின்னல் மாதிரி வெட்டுது, கருப்பு கருப்பா பொட்டு பறக்குது, திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைக்குதுன்னா நாளைக்குன்னு தள்ளாம அன்னைக்கே போயிருங்க.