உறைமழையா, பனிப்பரலா: குளிர்காலப் புயலைக் கணிக்கும் முறை

விழும் வழியிலேயே உறைந்து, தரையில் பட்டுத் தெறிக்கும் சிறு பனிக்கட்டிகளைப் பனிப்பரல் என்கிறேன். நீராகவே விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடிபோல் உறைவது உறைமழை. மரக்கிளைகளையும் மின்கம்பிகளையும் முறிப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பதால், இவற்றைப் பிரித்தறிவது மிகவும் முக்கியம்.

படி 1: புயல் கடக்கும் நேரத்துக்கு வானிலைக் கணினி மாதிரி தரும் ஸ்கியூ-டி வரைபடத்தை (உயரத்துக்கேற்ப வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறுவதைக் காட்டும் கோட்டுப்படம்) திறந்துகொள்ளுங்கள். பொழிவின் வகையை வண்ணங்களால் காட்டும் படங்களை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அவை முடிவைச் சொல்கின்றனவே தவிர, அது எவ்வளவு சிறிய வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது என்பதைச் சொல்வதில்லை.

படி 2: வெப்பநிலைக் கோடு 0 டிகிரியைத் தாண்டும் இடங்களைத் தரையிலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள். நான் தவறியது இங்கேதான். தரையிலும், காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் உயரத்திலும் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருந்ததைக் கண்டு, வெண்பனி என்று முடிவு செய்தேன், பெய்தது உறைமழை. மறுநாள் முழுக் கோட்டையும் பார்த்தபோது, 800 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி, அதாவது ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயரத்தில், 4 டிகிரி வெப்பமுள்ள மெல்லிய காற்றடுக்கு ஒன்று இருந்தது தெரிந்தது. ஆகவே இரண்டு நிலைகளை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அந்த அடுக்கின் உச்ச வெப்பநிலை 1 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் வெண்பனியே வரும்; 1 முதல் 3 டிகிரி வரை இருந்தால் பனித்துகள் பாதி உருகி, கீழே மறுபடி உறைந்து பரலாகும்; 3 டிகிரிக்கு மேல் முழுவதும் உருகிவிடுவதால் உறைமழைக்கே வாய்ப்பு அதிகம்.

படி 3: தரையை ஒட்டிய குளிரடுக்கின் தடிமனைப் பாருங்கள். அது தடிமனாகவும் கடுங்குளிராகவும் இருந்தால் துளிகள் உறைய நேரம் கிடைக்கும். மெல்லியதாக இருந்தால் கிடைக்காது.

படி 4: ஈரக்குமிழ் வெப்பநிலையையும் (நீர் ஆவியாவதால் காற்று எவ்வளவு குளிரக்கூடும் என்ற அளவு) பாருங்கள். தரையில் 2 டிகிரி இருந்தாலும் காற்று வறண்டிருந்தால், மழைத்துளிகள் ஆவியாகி அதை 0 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடக்கூடும்.

பிற்சேர்க்கை: உறைமழை சில மணி நேரத்தில் வெறும் மழையாக மாறியது ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நீர் உறையும்போது வெளியாகும் உள்ளுறை வெப்பம், தரையொட்டிய காற்றை 0 டிகிரியை நோக்கி உயர்த்துகிறது. வறண்ட குளிர்காற்று தொடர்ந்து வந்து சேராவிட்டால் உறைதல் தானே ஓய்ந்துவிடும். எனவே தரைக்காற்றின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்ப அடுக்கே இல்லாமல் உறைதூறல் விழுந்ததாக மற்றொருவர் எழுதியிருந்தார். மேகத்தின் உச்சி ஏறத்தாழ மைனஸ் 10 டிகிரியைவிட வெப்பமாக இருந்தால் பனிப்படிகங்கள் உருவாவது அரிது. அப்போது மிகைக்குளிர்ந்த, அதாவது 0 டிகிரிக்குக் கீழும் உறையாத, நீர்த்துளிகளே கீழே வருகின்றன.

புயலுக்கு முந்தைய கடைசி 12 மணி நேரத்தில், உலக நேரப்படி 0 மணிக்கும் 12 மணிக்கும் ஏவப்படும் வானிலை பலூன்களின் அளவீட்டை மாதிரியின் கோட்டோடு ஒப்பிடுங்கள். மெல்லிய குளிரடுக்கை மாதிரிகள் பல நேரங்களில் முன்கூட்டியே கலைத்துவிடுகின்றன. அங்கே முரண்பாடு தெரிந்தால் நான் பலூனையே நம்புகிறேன்.