வாழைத்தோட்டக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாழை விளைச்சலில் உலகின் முதல் நாடு இந்தியா. ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் விளைகிறது. உலக விளைச்சலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இந்த எண்ணை நம்பிக் கடன் வாங்கி நடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. ஏற்றுமதியில் முதலிடம் ஈக்வடாருக்கு. நம் விளைச்சலில் கால் பங்குகூட இல்லாத நாடு, விளைவதில் பெரும்பகுதியைப் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றுகிறது. நம் பழம் பெரும்பாலும் நம் ஊர்ச் சந்தையிலேயே தீர்ந்துவிடுகிறது. அதைக் குறையாக நான் நினைக்கவில்லை, ஏழை வீட்டுப் பிள்ளையும் தின்னக் கிடைக்கிற பழம் அது. ஆனால் நாட்டின் மொத்த டன் வேறு, உங்கள் தாருக்குக் கிடைக்கிற விலை வேறு. எல்லாத் தோட்டமும் செழித்த ஆண்டில்தான் தார் விலை சரியும்.

அதனால்தான் போன ஆண்டு விலை ஏறிய ரகத்தை இந்த ஆண்டு ஊரே சேர்ந்து நடக்கூடாது. நட்ட கன்று தாராக ஏறக்குறைய ஓராண்டு ஆகும். ஒரே மாதத்தில் நட்டவர்கள் ஒரே மாதத்தில் வெட்டுவார்கள். நேந்திரன் போடுகிறவர்கள் அதற்குக் கிராக்கி கூடும் ஓணத்தை எண்ணிப் பின்னோக்கி நாள் கணக்குப் போடுவார்கள். மற்ற ரகங்களுக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும். வாங்குகிறவர் யார், எந்த மாதத்தில் கேட்பார் என்பதைக் குழி வெட்டும் முன்பே விசாரியுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கிடைத்த இடத்தில் கன்று வாங்குவது. வாடல் நோயின் பூசணம் கிழங்கோடும் ஒட்டிய மண்ணோடும் வந்துவிடும். பிறகு பல ஆண்டுகள் நிலத்தைவிட்டுப் போகாது. சென்ற நூற்றாண்டில் உலகச் சந்தையை ஆண்ட கிராஸ் மிஷல் ரகம் இந்த நோயால்தான் வீழ்ந்தது. அதன் இடத்துக்கு வந்த கேவண்டிஷ் ரகக் கூட்டத்தைத்தான் இப்போது அதே பூசணத்தின் டிஆர் 4 என்ற வகை தாக்குகிறது. பீகார், உத்தரப்பிரதேசத் தோட்டங்களுக்கு அது வந்துவிட்டது. நாம் ஜி-9 என்று நடுவதும் அதே கூட்டம்தான். பழனி மலையின் விருப்பாச்சி வாழையைக் குலைத்தது வேறொன்று, முடிக்கொத்து நோய். அதை அசுவினிப் பூச்சி பரப்பும். நோயுள்ள கன்றும் கொண்டுவரும். சோதித்த திசு வளர்ப்புக் கன்று விலை கூடுதல்தான், கொடுக்கலாம். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் கேளுங்கள். வாடிய மரத்தின் அடித்தண்டை வெட்டிப் பாருங்கள், உள்ளே செம்பழுப்பு வளையம் தெரிந்தால் அந்தத் தோட்டத்துக் கன்று வேண்டாம்.

ஓராண்டு உழைப்பு ஒரு மணி நேரத்தில் வீணாவது வெட்டும் நாளில். தாரை மண்ணில் சாய்ப்பது, லாரியில் தார்மேல் தார் ஏற்றுவது, பால் வடிந்து தோலில் கறையாக விடுவது. பச்சையில் தெரியாத கீறல் பழுத்ததும் கறுத்துவிடும், வியாபாரி அதற்குத்தான் விலை குறைப்பார். அடியில் சருகு விரித்து இறக்குங்கள். சீப்பாக வெட்டியதும் தண்ணீரில் கழுவுங்கள். தொலைவுக்குப் போகும் காயை, அதன் பக்க விளிம்புகள் முழுதும் மறைந்து உருண்டையாகும் முன், முக்கால் முற்றலில் வெட்டுங்கள்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை, உடம்புக்கும் கேடு. எத்திலீன் வாயு அறைக்கு அனுமதி உண்டு. குளிர்அறையில் வைப்பவர்கள் வெப்பத்தை 13 டிகிரிக்குக் கீழே இறக்கினால் தோல் கறுத்துவிடும், காயும் சரியாகப் பழுக்காது.