விரல் தசைநாண் தைத்த பிறகு ஸ்பிளின்ட் போட்டுக்கொள்வது எப்படி

விரலை மடக்கும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்து தைத்திருந்தால் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், ஸ்பிளின்ட் என்கிற பிளாஸ்டிக் தாங்கி மாவுக்கட்டு மாதிரி இல்லை. புறங்கைப் பக்கமாகக் கூரை போல வந்து, விரல்களின் அடிமூட்டை மடங்கிய நிலையில் பிடித்துக்கொண்டு, விரல் ஒரு அளவுக்கு மேல் நிமிராமல் தடுக்கும். அந்தக் கூரைக்குள்ளே விரல் அசைய வேண்டும், அசையாவிட்டால் தைத்த தசைநாண் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும்.

பொதுவாக 6 வாரம், இரவும் பகலும் போட வேண்டும். தூங்கும்போது கழற்றவே கூடாது, தூக்கத்தில் கை எதைப் பிடிக்கும் என்று நமக்கே தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் வலி அடங்கி, சரி ஆறிவிட்டது என்று தோன்றும். ஆறியது தோல்தான், உள்ளே தசைநாண் இன்னும் பலவீனமாகத்தான் இருக்கும்!

பயிற்சி இப்படி: மற்ற கையால் அடிபட்ட விரலை மெதுவாக உள்ளங்கைப் பக்கம் மடக்குங்கள், அப்புறம் விரலை நீங்களே நிமிர்த்தி அதன் முதுகு கூரையைத் தொடும்வரை கொண்டுபோங்கள். ஒரு தடவைக்கு சுமார் 10 முறை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதை உங்களுக்குக் கைப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் சொல்வார். இந்த நிமிர்த்தலைப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள், அதனால் நடுமூட்டு மடங்கியே இறுகிப்போய், பிறகு நேராக்குவது பெரும்பாடாகிவிடுகிறது. சொந்த பலத்தில் மடக்குவது மட்டும் தெரபிஸ்ட் சொன்ன பிறகுதான்.

ஸ்பிளின்ட் பிளாஸ்டிக் சூட்டில் இளகும், வெயிலில் நிற்கும் காரிலோ வெந்நீரிலோ வைக்காதீர்கள். ஓரம் உரசினால் நீங்களே வெட்டாதீர்கள், தோலில் சிவந்த தடம் மறையாமல் நின்றாலும் தெரபிஸ்டிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். வீக்கம் குறையக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள்.

திடீரென்று ஏதோ அறுந்த மாதிரி உணர்ந்து அதன்பின் விரல் மடங்காவிட்டால், அன்றைக்கே அறுவை மருத்துவரைப் பாருங்கள். விரல் நிறம் மாறினாலோ, மரத்துப்போனாலோ, காயத்தில் சீழ் வந்தாலோ அப்படித்தான்.

இதெல்லாம் மடக்கும் தசைநாணுக்கு. புறங்கைப் பக்கம், நிமிர்த்தும் தசைநாணைத் தைத்திருந்தால் ஸ்பிளின்ட் விரலை நிமிர்த்தியே வைக்கும், பயிற்சியும் வேறு. அடுத்தவர் செய்வதைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

6 வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றச் சொல்வார்கள். கனமான பையைத் தூக்குவது, இறுக்கிப் பிடிப்பதெல்லாம் பெரும்பாலும் 12 வாரம் கழித்துத்தான்.