தடுப்பூசிக்குப் பயப்படுகிறவரிடம் பேசுவது எப்படி?

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார்; 17 அன்று இறந்துபோனார். அதன்பிறகு எங்கள் ஊரில் பல வீடுகளில் கதவே திறக்கவில்லை. கிராமச் செவிலியராக அப்போது நான் கற்றுக்கொண்டது இது.

முதல் தடவை ஊசிப் பெட்டி இல்லாமல் போங்கள். திண்ணையில் உட்கார்ந்து, என்ன பயம் என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். ஓர் ஆத்தா வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடியே அரை மணி நேரம் பேசினார். கணவர் இறந்தபோது உடலைத் தரக்கூட ஆஸ்பத்திரியில் காசு கேட்டார்களாம். விவேக் பேச்சு கடைசியில்தான் வந்தது. “உடலுக்குக் காசு கேட்டது பெரிய தப்பு ஆத்தா” என்றேன். வேறென்ன சொல்ல?

அப்புறம் உள்ளதைச் சொல்லுங்கள். கை வலிக்கும், காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் சரியாகும். விவேக்கின் இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் சொன்னதையும் சொல்லுங்கள். “ஒண்ணும் ஆகாது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; ராத்திரி காய்ச்சல் அடித்தால் தெருவே உங்களை நம்பாது.

ரேஷனை நிறுத்துவோம் என்ற மிரட்டல் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது தடவை போனபோது ஆத்தா ரவிக்கைக் கையை மேலே ஏற்றினார். மறுநாள் காலையில் பாராசிட்டமாலோடு மறுபடி போனேன். நீங்களும் கட்டாயம் போங்கள்.