கோச்சிங்குக்கு மாறுகிறவர்கள் லிங்க்ட்இன் பக்கத்தை எப்படித் திருத்தி எழுதுவது?

ரிட்ரெஞ்ச்மென்ட், அதாவது ஆட்குறைப்பு பேச்சு அடிபடும் தென்னாப்பிரிக்க ஆபீஸ்களில் இப்போது இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது: "கோச்சிங் பண்ணலாம்னு இருக்கேன், லிங்க்ட்இன்ல என்ன போடணும்?" இது டியூஷன் இல்லை, வேலையிலோ வாழ்க்கையிலோ ஒருவர் முன்னேறக் கூட இருந்து பேசி வழிகாட்டும் கோச்சிங். பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பழைய பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே 'லைஃப் கோச்' என்று ஒட்டுகிறார்கள், அல்லது இத்தனை வருட வேலையையும் துடைத்துப் போட்டுவிட்டு நேற்றுதான் பிறந்தவர் மாதிரி நிற்கிறார்கள். முதலாவதை யாரும் நம்புவதில்லை. இரண்டாவதில் நம்புவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

உதாரணத்துக்கு ஓர் அக்காவைக் கற்பனை செய்துகொள்வோம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர். டர்பன் துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் (சரக்கைச் சுங்கம் தாண்டி அனுப்பிவைக்கும்) கம்பெனியில் ஆபரேஷன்ஸ் மேனேஜராக இருந்தவர். கோச் ஆகப்போகிறார். அவருடைய பக்கத்தைத்தான் திருத்தப்போகிறோம். இங்கே தமிழில் எழுதிக்காட்டுவதை நீங்கள் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊரில் உங்கள் பக்கத்தைப் படிக்கப்போகிற எச்ஆர் ஆட்களுக்கு அதுதான் வசதி.

1. கை வைக்கும் முன்

பக்கத்தின் மேலே உள்ள மெனுவில் பிடிஎஃப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. பழைய பக்கத்தை முதலில் அப்படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, செட்டிங்ஸில் விசிபிலிட்டி பகுதிக்குப் போய், வேலை மாற்றங்களை நெட்வொர்க்குக்குச் சொல்லும் பொத்தானை அணைத்துவிடுங்கள். புது வேலையைச் சேர்க்கும் படிவத்திலும் 'நோட்டிஃபை நெட்வொர்க்' என்று ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். அரைகுறையாக எழுதிய தலைப்புக்கு உங்கள் பாஸ் 'கங்கிராட்ஸ்' போடுவதைவிடச் சங்கடம் வேறில்லை.

இன்னும் வேலையில் இருக்கிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தை எடுத்து ஒரு தடவை படியுங்கள். வெளிவேலை செய்ய அனுமதி வாங்க வேண்டுமா, 'ரெஸ்ட்ரெயின்ட் ஆஃப் ட்ரேட்' என்ற, போட்டித் தொழில் செய்வதைத் தடுக்கும் பிரிவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு மேலே போங்கள்.

2. யாருக்கு கோச்?

'எல்லாருக்கும்' என்றால் யாருக்கும் இல்லை. அக்காவைக் கேட்டால், "கான்ஃபிடன்ஸ் இல்லாதவங்களுக்கு உதவணும்" என்பார். நல்ல மனசுதான், ஆனால் 'கான்ஃபிடன்ஸ் இல்லை' என்று தேடிக்கொண்டு யாரும் லிங்க்ட்இன்னுக்கு வருவதில்லை. அவர் இத்தனை வருஷமும் என்ன செய்தார் என்று கிளறினால் விஷயம் கிடைக்கும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவரை ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஆக்கி, அவர் தடுமாறும்போது பக்கத்தில் நின்றவர் இவர். அங்கேதான் இருக்கிறது அவருடைய கோச்சிங்: புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு, முதல் வருடத்தில்.

இந்த ஒரு வரி கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. ஹெட்லைன்

பெயருக்குக் கீழே வரும் வரி இது. 220 எழுத்துகள்வரை இடம் உண்டு. நீங்கள் எங்காவது கமென்ட் போட்டால் பெயருக்குக் கீழே முதல் சில சொற்கள்தான் தெரியும். அதனால் முக்கியமானது முன்னால் வரட்டும்.

வேண்டாதது: "லைஃப் கோச் | மோட்டிவேஷனல் ஸ்பீக்கர் | சேஞ்ச் மேக்கர் | கனவு காண்பவள்"

வேண்டியது: "புதிய சூப்பர்வைசர்களுக்கு கோச், லாஜிஸ்டிக்ஸ் மற்றும் வேர்ஹவுஸ் துறை | முன்னாள் ஆபரேஷன்ஸ் மேனேஜர், டர்பன்"

அந்த 'முன்னாள்' என்ற சொல்லைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். மற்ற கோச்களிடம் இல்லாதது அதுதான்.

4. அபவுட் பகுதி

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். 2,600 எழுத்துகள் தருகிறார்கள், ஆனால் முதல் சில வரிகளுக்குப் பிறகு 'சீ மோர்' வந்துவிடும். அதற்குள் படிக்கிறவர் "அட, இது என் கதை" என்று நினைத்தாக வேண்டும். ஆகவே உங்களைப் பற்றித் தொடங்காதீர்கள், அவரைப் பற்றித் தொடங்குங்கள். அக்கா இப்படி எழுதலாம்:

"வெள்ளிக்கிழமை வரை உங்களோடு டீ குடித்தவர், திங்கட்கிழமை உங்களிடம் லீவு கேட்டு நிற்கிறார். புதன்கிழமை லேட்டாக வருகிறார். என்ன சொல்வீர்கள்?"

இதைப் படித்த எந்தப் புது சூப்பர்வைசரும் 'சீ மோர்' அழுத்துவார். அதன் பிறகு ஒரு பத்தியில் நீங்கள் யார், இது எப்படித் தெரியும் என்று சொல்லுங்கள். அடுத்து, கோச்சிங் எப்படி நடக்கும்: நேரிலா, ஜூமிலா, எத்தனை நிமிடம், எத்தனை வாரம். கடைசியில் எப்படித் தொடர்புகொள்வது. 'பேஷனேட்', 'டிரான்ஸ்ஃபர்மேஷன்', 'ஹோலிஸ்டிக்' ஆகிய மூன்றையும் தேடிப் பிடித்து வெட்டிவிடுங்கள். அவற்றை எடுத்த பிறகு பத்தியில் ஒன்றுமே மிஞ்சவில்லையென்றால் அந்தப் பத்தியும் தேவையில்லை.

5. பழைய வேலைகள்

அழிக்காதீர்கள். பதவிப் பெயரையும் மாற்றாதீர்கள். ஆபரேஷன்ஸ் மேனேஜராக இருந்துவிட்டு அதே கம்பெனியில் 'லீடர்ஷிப் கோச்' ஆக இருந்ததாகப் போட்டால், ஒரு போன் காலில் மானம் போய்விடும். மாற்ற வேண்டியது கீழே உள்ள விவரிப்பை மட்டும்.

முன்பு: "தினசரி கன்டெய்னர் இயக்கத்தை மேற்பார்வையிட்டேன். சுங்க ஆவணங்களைச் சமர்ப்பித்தேன்."

பின்பு: "இரவு ஷிஃப்டுக்குப் புது சூப்பர்வைசர்களைத் தயார்செய்தேன். சரக்கு தாமதமான நாட்களில் ஓட்டுநர்களையும் வாடிக்கையாளர்களையும் எப்படிச் சமாளிப்பது என்று கூடவே இருந்து கற்றுக்கொடுத்தேன்."

வேலை அதேதான், வெளிச்சம் மட்டும் வேறு பக்கம் விழுகிறது. நடக்காததை எழுதாதவரை இதில் தப்பில்லை. நடுவில் வேலையில்லாத காலம் இருந்தால் 'கரியர் பிரேக்' என்றே போட லிங்க்ட்இன்னில் வசதி உண்டு.

6. பட்டங்கள்: இங்கே கவனம்

தென்னாப்பிரிக்காவில் கோச் என்று சொல்லிக்கொள்ள உரிமம் எதுவும் தேவையில்லை. ஆனால் சைக்காலஜிஸ்ட் என்று போட முடியாது. 1974ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி, எச்பிசிஎஸ்ஏ என்ற சுகாதாரத் தொழில்கள் கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்கே அந்தப் பெயர். 'தெரபி', 'டிப்ரெஷன் குணமாகும்' போன்ற சொற்களையும் விட்டுவிடுங்கள். வங்கியிலிருந்து வருகிறவர்கள் 'ஃபைனான்ஷியல் கோச்' என்று போட்டுவிட்டு, எந்த பாலிசி வாங்கலாம் என்று ஆலோசனை சொன்னால் நிதி ஆலோசனையைக் கட்டுப்படுத்தும் 2002ஆம் ஆண்டின் ஃபெய்ஸ் சட்டத்துக்குள் போய்விடுவார்கள். அதற்கு நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்எஸ்சிஏவின் உரிமம் வேண்டும்.

சான்றிதழ் வேண்டுமென்றால் கோச்களுக்கான அமைப்புகள் உண்டு: உள்நாட்டில் காமென்சா, உலக அளவில் ஐசிஎஃப். ஐசிஎஃப் சான்றிதழ்களில் முதல் படியான ஏசிசிக்கு 60 மணிநேரப் பயிற்சியும் 100 மணிநேரம் கோச்சிங் செய்த அனுபவமும் கேட்கிறார்கள். அந்த 100இல் 75 மணிநேரமாவது கட்டணம் வாங்கிச் செய்தது. படித்துக்கொண்டிருந்தால் 'படிக்கிறேன்' என்று போடுங்கள். வகுப்பில் சேர்ந்த மறுநாளே 'சர்ட்டிஃபைட்' போடுகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

7. ரெக்கமெண்டேஷன்

பழைய பாஸிடம் கேட்பதைவிட, உங்களுக்குக் கீழே வளர்ந்தவரிடம் கேளுங்கள். "நல்லதா நாலு வரி எழுதுங்க" என்றால் அவர் பொதுவாக எதையாவது எழுதிவிடுவார். கேள்வியாகக் கேளுங்கள்:

"தம்பி, நீ முதல் தடவை நைட் ஷிஃப்ட் பார்த்தப்போ என்ன கஷ்டமா இருந்துச்சு, நாம என்ன பேசினோம், அப்புறம் நீ என்ன மாத்தினே? அதை மட்டும் நாலு வரியில எழுதித் தர்றியா?"

கோச்சிங் பெற்றவர்களின் பெயரையோ படத்தையோ போடுவதாக இருந்தால் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பொபியா என்ற தனிநபர் தகவல் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பெயரை மறைத்து '(டர்பன் பக்கத்து) ஃபீனிக்ஸைச் சேர்ந்த ஓர் ஆசிரியை' என்று போட்டால்கூடப் போதும், காவடி அன்றைக்குக் கோவில் வாசலில் யாராவது ஒரு ஆன்ட்டி அது யார் என்று கண்டுபிடித்துவிடுவார்.

8. மற்றவை

படத்துக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று எடுத்தால் போதும். கல்யாண ஃபோட்டோவை வெட்டி, பக்கத்தில் யாருடைய தோளோ தெரிகிற மாதிரி போட வேண்டாம். பேனர் அளவு 1584க்கு 396 பிக்சல். பக்கத்தின் முகவரியில் பெயருக்குப் பின்னால் வரும் எண்களை எடுத்துவிடலாம். 'ஓப்பன் டு வொர்க்' பச்சை வளையம் இருந்தால் கழற்றிவிடுங்கள். வேலை தேடுகிறவரிடம் கோச்சிங்குக்குப் பணம் கட்டத் தயங்குவார்கள். அதற்குப் பதிலாக 'ப்ரொவைடிங் சர்வீசஸ்' பகுதியைத் திறந்து வையுங்கள். அதிலிருந்தே உங்களிடம் விசாரிக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் புதுத் திட்டம் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்து, பக்கத்தை மேலோட்டமாகப் பார்க்கச் சொல்லிவிட்டு, "நான் யாருக்கு என்ன செய்றேன்?" என்று கேளுங்கள். "ஷிப்பிங்ல இருக்கீங்க" என்று சொன்னால் மூன்றாவது படிக்குத் திரும்புங்கள். "ஏதோ மோட்டிவேஷன்" என்று சொன்னால் இரண்டாவது படிக்கு.