டிஷ்வாஷருக்கு வீட்டிலேயே பொடி: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்த வீட்டில் டிஷ்வாஷர் இருந்தால் முதல் வாரத்திலேயே ஒரு தவறு நடக்கும். எனக்கும் நடந்தது. கடையில் ‘ஷ்ப்யூல்மிட்டல்’ என்று போட்டிருந்த பாட்டிலை வாங்கி வந்து மெஷினின் சோப்புப் பெட்டியில் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் கதவிடுக்கு வழியாக நுரை பொங்கித் தரையெல்லாம் பரவிவிட்டது. ஷ்ப்யூல்மிட்டல் என்பது கையால் பாத்திரம் தேய்க்கும் சோப்பு. மெஷினுக்கு வாங்குவதென்றால் பெட்டியில் ‘ஷ்ப்யூல்மஷீனெ’ என்ற சொல்லோ டிஷ்வாஷர் படமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே நுரை பொங்கிவிட்டதா? மெஷினை நிறுத்தி, உள்ளே இரண்டு கைப்பிடி சமையல் உப்பைத் தூவுங்கள். நுரை அடங்கியதும் தண்ணீரை வெளியேற்றி, சோப்பு போடாமல் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

ஊரிலிருந்து பூந்திக்கொட்டை கொண்டுவந்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இயற்கையானதுதானே என்று சிலர் அதைத் துணிப்பையில் கட்டி மெஷினுக்குள் போடுகிறார்கள். பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நுரையால் அழுக்கு நீக்குபவை. டிஷ்வாஷரோ தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவுகிறது. நுரை வந்தால் பம்பு காற்றை இழுத்து, பீய்ச்சும் வேகம் போய்விடும். பூந்திக்கொட்டையைக் கை கழுவவும் துணி துவைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பொடிக்கு நான் மாறியது தம்ளரால்தான். எவர்சில்வர் தம்ளரில் ஒட்டிக்கொண்ட டிஷ்வாஷர் டேப்லெட் (கடையில் விற்கும் சோப்பு வில்லை) வாசனை ஃபில்டர் காபியில் ஏறியது. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் பொடிக்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் போர் தண்ணீர் ‘உப்பா இருக்கு’ என்போமே, குழாய் முனையில் வெள்ளையாகப் படியுமே, இங்கே பல நகரங்களில் குழாயில் வருவதும் அந்த மாதிரித் தண்ணீர்தான். பெர்லினிலும் மூன்செனிலும் (மியூனிக்) தண்ணீர் நல்ல கடினம். அதை ‘வாஸர்ஹெர்ட்டெ’ என்பார்கள். ஜெர்மன் டிகிரி (°dH) கணக்கில் அது 8.4க்குக் கீழே இருந்தால் மென்மை, 14க்கு மேல் போனால் கடினம். உங்கள் ஊர்த் தண்ணீர் வாரியத்தின் இணையதளத்தில் தெருவையோ அஞ்சல் எண்ணையோ கொடுத்தால் அளவு தெரியும். அந்த எண்ணை மெஷினில் அமைத்துவிட்டு, அடியில் இருக்கும் மூடியைத் திறந்து டிஷ்வாஷர் உப்பை நிரப்புங்கள். அந்த உப்பு பாத்திரத்தைக் கழுவுவதில்லை. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பைப் பிடித்துவைக்கும் பிசின் மணிகளுக்கு மறுபடி உயிர் கொடுப்பதுதான் அதன் வேலை. சமையல் உப்பை அதற்குள் போடாதீர்கள். பொடி உப்பு கட்டி தட்டும், அதில் கலந்திருக்கும் மற்ற பொருள்கள் பிசினைக் கெடுக்கும்.

2017 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஷ்வாஷர் சோப்பில் பாஸ்பேட்டுக்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. முன்பெல்லாம் சுண்ணாம்பைக் கட்டிப்போட்டது அந்தப் பாஸ்பேட்தான். வீட்டுப்பொடியிலும் அது கிடையாது. ஆகவே உப்பு தீர்ந்திருக்கும்போது பொடியின் முக்கியப் பொருளான சலவைச் சோடாவைப் போட்டால், சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்து கண்ணாடி டம்ளரில் வெள்ளைப் படலமாக உட்கார்ந்துவிடும். வீட்டுப்பொடி சரியில்லை என்று கைவிடுபவர்களிடம் முதலில் நான் கேட்பது, “உப்பு போட்டீர்களா?”

இனி பொடி. ‘வாஷ்ஸோடா’ ஒரு மேசைக்கரண்டி, ‘ஸாவர்ஷ்டாஃப்ப்ளைஹெ’ ஒரு தேக்கரண்டி. ஒருமுறை ஓட்ட இது போதும். முதலாவது சலவைச் சோடா, எண்ணெய்ப் பிசுக்கை அது எடுக்கும். இரண்டாவது சோடியம் பெர்கார்பனேட். சூடான தண்ணீரில் ஆக்சிஜனை விட்டு மஞ்சள் கறையையும் டீக்கறையையும் வெளுக்கும். பெயர்களில் கவனம் தேவை. ‘நாட்ரோன்’ நம் ஆப்பசோடா, இந்த வேலைக்கு அதற்குப் பலம் போதாது. ‘ஏட்ஸ்நாட்ரோன்’ காஸ்டிக் சோடா, தோலையே பொசுக்கிவிடும், அதைத் தொடவே வேண்டாம்.

இணையத்தில் சுற்றும் பல குறிப்புகள் சிட்ரிக் அமிலத்தையும் இதே டப்பாவில் கலக்கச் சொல்கின்றன. நான் கலப்பதில்லை. காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறிக்கும், கொஞ்சம் ஈரம் பட்டால் டப்பாவிலேயே பொங்கிக் கல்லாகிவிடும். சிட்ரிக் அமிலத்தைத் தனியாக வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலி மெஷினில் சூடு குறைந்த ஓட்டத்தில் போட்டுச் சுண்ணாம்பை எடுங்கள். சூடு அதிகமானால் அதுவே சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும். கடைசி அலசலுக்கு வினிகர் ஊற்றுவதையும் நான் சொல்ல மாட்டேன், ரப்பர் வளையங்கள் நாளடைவில் பாழாகும். வாடகை வீட்டில் மெஷின் பெரும்பாலும் வீட்டுக்காரருடையது. அதைக் கெடுத்தால் நீங்கள் கட்டிய முன்பணத்தில் கை வைப்பார்கள். வினிகருக்குப் பதிலாக வாசனையில்லாத ‘க்ளார்ஷ்ப்யூலர்’ (கடைசி அலசலுக்கான திரவம்) ஒரு பாட்டில் வாங்கிவிடுங்கள்.

இன்னொரு குறையும் இந்தப் பொடியில் உண்டு. கடை டேப்லெட்டில் மாவுச்சத்தைக் கரைக்கும் என்சைம் இருக்கும், இதில் இல்லை. சோற்றுப் பருக்கை, இட்லி மாவு, காய்ந்த பருப்பு இவையெல்லாம் நம் வீட்டில் தினசரி. சாப்பிட்டதும் தட்டை வழித்துவிட்டு, மாவுப் பாத்திரத்தைத் தண்ணீரில் ஊறவைத்த பிறகே உள்ளே அடுக்க வேண்டும். அடியில் இருக்கும் வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கடுகு, கறிவேப்பிலை, மிளகாய் விதை, தேங்காய்த் துருவல் எல்லாம் அங்கேதான் கிடக்கும். எலுமிச்சை மூடியை உள்ளே போடும் பழக்கம் இருந்தால் அதன் விதையும் சக்கையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

எவர்சில்வருக்கு இந்தப் பொடி தாராளமாகப் போதும். கண்ணாடிப் பாத்திரத்துக்கு மட்டும் நான் ஐரோப்பிய சூழல் முத்திரையான பூப்படம் போட்ட டேப்லெட்டைப் பயன்படுத்துகிறேன். கடினத் தண்ணீரில் வெறும் சோடா கண்ணாடியை மங்கவைக்கிறது.

அலுமினிய இட்லித் தட்டையும் அலுமினியக் குக்கரையும் உள்ளே வைக்கவே வைக்காதீர்கள். சோடா பட்டால் கறுத்துப் போகும். இரும்புத் தோசைக்கல்லில் வருடக்கணக்கில் பழகிய எண்ணெய்ப் பதம் ஒரே ஓட்டத்தில் போய்த் துருப்பிடிக்கும். மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக் டப்பாவை ஜன்னலோரம் வெயிலில் வையுங்கள், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானே வெளுக்கும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். சோடாவைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைக்காதீர்கள். பார்க்கச் சர்க்கரை மாதிரியே இருக்கும், கண்ணில் பட்டாலும் வாயில் போனாலும் புண்ணாக்கும். வந்த பாக்கெட்டிலேயே, ஈரம் படாத உயரத்தில் வையுங்கள். ஜெர்மன் மொழியில் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு. ‘கிஃப்ட்நோட்ரூஃப்’ என்பது நஞ்சு அவசர உதவி. உங்கள் மாநிலத்துக்கான அதன் எண்ணை இன்றே கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். மூச்சு முட்டினாலோ மயங்கினாலோ நேராக 112.

அம்மா கொடுத்துவிட்ட பித்தளைக் குத்துவிளக்கையும் பொங்கல் பானையையும் மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதற்குப் புளியும் உப்பும் போதும். தேங்காய் நார் கிடைக்காவிட்டால் பழைய பருத்தித் துணியால் தேயுங்கள்.